அடித்த கோடும் அழியாதிருக்கட்டும்

சென்ற ஆண்டு வேனிற்பருவத்தில் லண்டனில் என் தங்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவ்வீட்டு வாசற்கதவை ஒட்டிய குறுகிய நடையில், சுவரோரமாகச் சிறிய மர ஆசனம் ஒன்று போடப்பட்டிருந்தது. வலப்பக்கத்தில் கைப்பிடிபோல் ஒரு கம்பம் எழுந்து நிற்க, மழமழவென்று இழைத்து எண்ணெய் பூசப்பட்டிருந்த அந்தப் பீச் மர ஆசனத்தில் உட்கார்ந்துதான், முழங்கால் வலியுள்ள என் தங்கை நாள்தோறும் காலணி மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள். அதைச் செய்தவள் அவளுடைய பேத்தி. பதினாறு வயதுப் பெண். பள்ளிப் பரீட்சைக்கான செய்முறைப் பணியாக அதை முடித்திருந்தாள். வேலைப்பாட்டை மெச்சி இரண்டு வார்த்தை சொன்னேன். அவள் உள்ளே போய், பள்ளியில் ஒப்படைத்த கோப்பின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்து, "இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க, தாத்தா" என்றாள். அன்று மாலை முழுவதும் அந்தக் கோப்பைப் படித்தேன். படித்து முடித்தபோது, நடையில் கிடந்த ஆசனத்தைக் காட்டிலும் என் மடியில் கிடந்த காகிதக் கட்டே அருமையான சிருஷ்டி என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுவிட்டது. அந்த எண்ணத்தின் நியாயத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தில் மாணவர்கள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில், 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' என்று ஒரு பாடம் உண்டு. அதன் மதிப்பெண்ணில் பாதி எழுத்துத் தேர்வுக்கு. மறுபாதி, மாணவரே ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து காட்டுவதற்கு. பரீட்சை வாரியம் முந்திய ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி சில பொதுவான சூழ்நிலைகளை மட்டும் அறிவிக்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, யாருக்கு, என்ன இடர்ப்பாடு, அதைத் தீர்க்க எந்தப் பொருள் என்பதையெல்லாம் மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். வாரியங்களுள் ஒன்றான ஏ.க்யூ.ஏ. இப்பணிக்குக் குறிக்கும் காலம் 30 முதல் 35 மணி. கோப்பின் அளவு ஏறத்தாழ 20 ஏ-3 தாள். செய்முறைக்குரிய 100 மதிப்பெண்ணை அவ்வாரியம் பகுத்திருக்கும் முறையைப் பாருங்கள். இடர்ப்பாட்டை ஆராய்வதற்கு 10, குறிக்கோளையும் நிபந்தனைகளையும் வகுப்பதற்கு 10, யோசனைகளை உருவாக்குவதற்கு 20, அவற்றை வளர்த்துச் செப்பனிடுவதற்கு 20, பொருளைச் செய்வதற்கு 20, சோதித்து மதிப்பிடுவதற்கு 20. ஆக, உளி பிடித்த கைக்கு 20 என்றால், அந்தக் கையை நடத்திய சித்தத்துக்கு 80. இந்த விகிதம் முதலில் எனக்கு வியப்பளித்தது. கோப்பைப் படித்த பிறகோ, இதைவிட நியாயமான பங்கீடு இருக்க முடியாதென்று தோன்றிற்று.

கோப்பின் முதற்பக்கத்தில் ஆசனம் என்ற வார்த்தையே இல்லை. என் தங்கை நடையில் நின்றபடி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் காலணியை இழுத்துக்கொண்டு தடுமாறும் புகைப்படங்கள் மூன்று இருந்தன. அவற்றின் கீழ், எந்த முழங்கால் வலிக்கிறது, எந்தக் கை சுவரைத் தேடுகிறது, குனிவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்ற குறிப்புகள் இருந்தன. 'நான் ஒரு முக்காலி செய்யப்போகிறேன்' என்று தொடங்கும் பிள்ளைக்கும், 'என் பாட்டி கதவருகே ஏன் தடுமாறுகிறாள்' என்று தொடங்கும் பிள்ளைக்கும் எவ்வளவோ தூரம். முன்னவன் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடுகிறான். பின்னவளோ கேள்வியோடு நெடுநேரம் வாசம் செய்து, விடை தானாகக் கனியும்வரை பொறுத்திருக்கிறாள். நல்ல வடிவமைப்புக் கோப்பின் முதல் லட்சணம் இந்தப் பொறுமையே.

அடுத்து வந்த பக்கங்கள் உயரத்தைப் பற்றியவை. வீட்டில் இருந்த சாப்பாட்டு நாற்காலியின் உயரம் 450 மில்லிமீட்டர். பாட்டி வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கையில் தரையிலிருந்து முழங்காலின் உட்புற மடிப்புவரை அளந்தால் 380. பழைய புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு பலகையை வைத்து, 380, 420, 450 என்ற மூன்று உயரங்களிலும் பாட்டியை ஐந்தைந்து முறை உட்காரவும் எழவும் சொல்லியிருக்கிறாள். 380-இல் பாதம் தரையில் நன்றாகப் படிந்தது. ஆனால் எழுந்திருக்கும்போது முழங்கால் கெஞ்சியது. 450-இல் எழுவது சுலபம். குனிந்து காலணியைத் தொடுவதோ கடினம், குதிகாலும் தரையில் பாவவில்லை. உட்காருவதற்குத் தாழ்வு வேண்டும், எழுவதற்கு உயரம் வேண்டும் என்ற இந்த முரண்பாடு எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுத்ததன்று. ஒரு கிழவியின் முழங்கால் சொல்ல, ஒரு குழந்தை எழுதிக்கொண்டது. அதற்கு அவள் கண்ட சமாதானம்: உயரம் 420, அத்துடன் வலக்கை பற்றி எழ ஒரு கம்பம். ஆசனத்தைப் பார்த்தபோது அலங்காரமென்று நான் நினைத்த கம்பம் இப்படிப் பிறந்தது.

இந்த ஆராய்ச்சியின் பயனாகவே நிபந்தனைப் பட்டியலும் உயிருள்ளதாக அமைந்திருந்தது. 'வசதியாக இருக்க வேண்டும்', 'அழகாக இருக்க வேண்டும்', 'உறுதியாக இருக்க வேண்டும்' என்று எழுதினால், அவற்றை மறுப்பாரும் இல்லை, சோதிப்பாரும் இல்லை. அவள் எழுதியிருந்தது வேறு விதம்: ஆசனத்தின் உயரம் 420, கூடுதல் குறைவு 5 மில்லிமீட்டருக்குள், நடையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது, பாட்டி ஒரு கையால் நகர்த்தக்கூடிய எடை, மழையில் நனைந்த காலணி பட்டாலும் கால்களின் அடிப்பாகம் ஈரம் குடிக்காத பூச்சு. ஒவ்வொன்றையும் பொருள் முடிந்தபின் அளந்தோ, தூக்கியோ, நனைத்தோ ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். பீச் மரம் கடினமானது, நெருங்கிய இழையுள்ளது, பொளித்த துளையின் விளிம்பு சிதறாது. ஆனால் ஈரத்தைத் தாங்காது என்று தன் தேர்வின் குறையையும் அவளே எழுதி, அதற்கு மாற்றாகக் காலடியில் ரப்பர்த் துண்டும் எண்ணெய்ப் பூச்சும் குறித்திருந்தாள். தான் தேர்ந்த பொருளின் பலவீனத்தைத் தானே எழுதுவதற்குப் பெரியவர்களுக்கே மனம் வருவது அரிது.

இனி, என் நெஞ்சில் தங்கிவிட்ட ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். மரம் அறுக்கும் பட்டியல் அது. கால் நான்கு, ஒவ்வொன்றும் 420 மில்லிமீட்டர் என்று முதலில் எழுதியிருந்தாள். பிறகு அந்த 420-ஐ ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 398 என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு, ஓரத்தில் சிறிய படமும் வரைந்திருந்தாள். ஆசனத்தின் உயரம் 420 என்றால், காலின்மேல் படுக்கும் பலகையின் கனம் 22 மில்லிமீட்டரை அதிலிருந்து கழிக்க வேண்டுமே! அதற்குக் கீழே இன்னொரு திருத்தம். நான்கு கால்களையும் ஒரே சட்டத்திலிருந்து எடுப்பதானால், 398-ஐ நான்கால் பெருக்கிய 1592 மட்டும் போதாது. ஒவ்வோர் அறுப்பிலும் வாள் தின்கிற தூளுக்கும், முனைகளைச் சீர்செய்வதற்கும் இடம் விட வேண்டும். மூன்றாவது திருத்தம், கடையில் 50 என்று விற்கும் சட்டம் நான்கு பக்கமும் இழைத்தபின் 44 அல்லது 45 தான் நிற்கும் என்ற உண்மை. தொழிலில் பழகியவர்களுக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குழந்தை மரத்தை இரு பரிமாணப் படமாக நினைப்பதை விட்டு, கனமும் தேய்மானமும் உடைய வஸ்துவாக நினைக்கத் தொடங்கிய கணம் அந்தப் பக்கத்தில் பதிந்து கிடந்தது.

"தப்பா எழுதினதை எல்லாம் எடுத்துட்டு, சுத்தமா ஒரு தாள் வெச்சிருக்கலாமே அம்மா?" என்று கேட்டேன். அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள்: "எடுத்துட்டா, நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னு யாருக்குமே தெரியாதே தாத்தா." இந்த விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. வடிவமைப்புக் கோப்பு என்பது ஒரு பொருள் எப்படி முடிந்தது என்று காட்டும் அறிக்கையன்று. ஒரு மனம் எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி. நடந்த வழியிலுள்ள வளைவுகளை அழித்து நேர்க்கோடாக வரைந்து காட்டினால், அதைச் சாட்சி என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பதிலைக் கேட்டபோது என் பள்ளிப்பருவம் நினைவுக்கு வந்தது. எங்கள் பள்ளியில் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று இருந்தது. பரீட்சைக்கு முந்திய வாரம், மேல் வகுப்பு மாணவனின் பழைய நோட்டை வாங்கி வந்து, இரவு விழித்து, வரிக்கு வரி பிரதி செய்வோம். என் நோட்டின் படங்களை என் அக்காள் வரைந்து தந்தாள். நான் செய்யாத சோதனைகளின் முடிவுகள் என் கையெழுத்தில் அழகாக இருந்தன. அழகுக்காகவே அதிக மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த நோட்டிலிருந்து நான் கற்றது, கற்றதாகக் காட்டிக்கொள்வது எப்படி என்பதொன்றே. அந்தப் பழக்கத்தை உதற எனக்குப் பல வருஷங்கள் ஆயின. எந்த நாட்டிலும், எந்தப் பாடத்திலும், செய்து முடித்த பிறகு எழுதப்படும் கோப்புக்கு இந்த வியாதி பிடிக்கும். பொருளைத் தோராயமாக அறுத்து ஒட்டிவிட்டு, பிறகு 'நான்கு யோசனைகள்' வேண்டுமென்பதற்காக மூன்று போலி யோசனைகளை வரைந்து, அவற்றை நிராகரிக்கப் போலிக் காரணங்களும் எழுதி, செய்த ஒன்றையே 'தேர்ந்தெடுத்ததாக' முடிக்கும் கோப்பு, வெளித்தோற்றத்தில் குறையற்றது. உள்ளே வெறும் கூடு. அதனால் மதிப்பெண் இழப்பு ஏற்படலாம், ஏற்படாமலும் போகலாம். ஆனால் யோசிக்கும் சந்தர்ப்பத்தைக் குழந்தை இழந்துவிடுகிறது என்பது நிச்சயம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது இலேசானதன்று. நம் ஊர் ஆசாரி எந்தக் கோப்பை வைத்துக்கொண்டு கதவு நிலையும் கட்டிலும் செய்தார்? தரையில் கரித்துண்டால் நாலு கோடு, காதில் செருகிய பென்சில், கையில் ஓர் அளவுக்குச்சி, அவ்வளவுதானே? மேல்நாட்டிலும் இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. சைபீரியாவில் பிறந்து, சுவீடனில் கார்ல் மால்ம்ஸ்டெனிடம் பயின்று, கலிபோர்னியாவில் தச்சுக்கலை கற்பித்த ஜேம்ஸ் கிரெனோவ், விவரமான வரைபடங்களை நம்பாதவர். மரத்தின் போக்கைக் கவனித்து, செய்துகொண்டே உருவத்தைக் கண்டறிவதுதான் அவர் வழி. அப்படிப்பட்டவர்கள் இருக்கையில், குழந்தையைக் காகிதத்தில் கட்டிப்போடுவது கலைக்கு விரோதம் அல்லவா என்று கேட்பார்கள்.

கூர்ந்து பார்த்தால் இந்த ஆட்சேபம் கோப்புக்கு எதிரானதன்று. ஆசாரியின் மகன் எட்டு வயது முதல் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, நாளெல்லாம் நூல் பிடித்தும், இழைப்புளி தள்ளியும், உளியைத் தீட்டியும், பல்லாயிரம் தவறுகளையும் திருத்தங்களையும் உடம்பிலேயே எழுதிக்கொண்டான். அவனுடைய கோப்பு அவன் கைகளில் இருக்கிறது. கிரெனோவும் தம் அலமாரிகளுக்குத் துண்டு மரங்களைக் கொண்டு மாதிரி நிறுத்தி, நெடுநேரம் பார்த்து, மாற்றி, பிறகே நல்ல மரத்தைத் தொட்டார். அவர் 1976-இல் வெளியிட்ட நூலுக்குத் தச்சரின் குறிப்பேடு என்ற பொருளில்தான் பெயரும் வைத்தார். முப்பத்தைந்து மணி நேரமே கிடைக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த நீண்ட பயிற்சி ஏது? தந்தையின் பட்டறை தரவேண்டிய ஞாபகத்தை அதற்குத் தாள் தருகிறது. அட்டையை வெட்டி ஒட்டிய மாதிரியும், புத்தக அடுக்கின்மேல் வைத்த பலகையும், விலையுயர்ந்த மரத்தில் செய்யவிருந்த தவறுகளை முன்கூட்டியே மலிவாகச் செய்துகொள்ள இடம் தருகின்றன.

வரைபடத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1754-இல் லண்டன் தச்சர் தாமஸ் சிப்பண்டேல் தம் மேஜை, நாற்காலி, அலமாரி வடிவங்களைச் செப்புத்தகட்டுச் சித்திரங்களாகப் புத்தகம் போட்டபோது, அவரை ஒருநாளும் பார்த்திராத தச்சர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அப்படங்களைப் பார்த்து மரத்தை அறுத்தார்கள். கோப்பிலுள்ள செய்முறைப் படத்துக்கு இதுவே உரைகல்: வரைந்தவர் பக்கத்தில் இல்லாதபோது, முன்பின் அறியாத ஒருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அதே பொருளைச் செய்ய முடியுமா? முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம், அளவு, மூட்டின் விவரம், வேலையின் வரிசை எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இருக்கின்றன. பிறருக்குப் புரியும்படி எழுத முயலும்போதுதான் தனக்குப் புரியாதது எது என்று நமக்கே வெளிச்சமாகிறது. குறுக்குச்சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கழுந்தை விட வேண்டும் என்று எழுதப்போன அந்தப் பெண், ஏன் மூன்றில் ஒன்று என்று தன்னையே கேட்டு, கழுந்து பருத்தால் துளையின் சுவர் மெலியும், மெலிந்தால் கழுந்தே ஒடியும் என்று காரணத்தையும் சேர்த்து எழுதியிருந்தாள்.

பள்ளியில் மரவேலையைப் புகுத்திய முன்னோர்களின் கருத்தும் இதுவே. 1866-இல் பின்லாந்து தன் ஆரம்பப் பள்ளிகளில் கைவேலையைப் பாடமாக்கியதற்குக் காரணமாயிருந்த ஊனோ சிக்னேயசும், அவர் வழியைப் பின்பற்றிச் சுவீடனில் நேஸ் என்ற ஊரில் பல தேசத்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்த ஓட்டோ சாலமனும், தச்சர்களை உண்டாக்குவதற்காக அதைச் செய்யவில்லை. கண், கை, சித்தம் மூன்றும் ஒருங்கே பழகிய மனிதர்களை உண்டாக்கவே செய்தார்கள். காந்தியடிகளும் 1937-இல் 'ஹரிஜன்' பத்திரிகையில், தொழிலை இயந்திரம்போல் கற்பிக்காமல், ஒவ்வொரு செயலின் ஏன், எதற்கு என்பதைக் குழந்தை அறியும்படி கற்பிக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். கை செய்வதன் காரணத்தைப் புத்தி தேடி எழுதிவைக்கும் இடம் கோப்பு. அதை அலங்காரக் காகிதமாக்கினால், இந்தக் கல்வியின் உயிர்நாடியையே அறுத்தவர்கள் ஆவோம்.

ஆகையால் பெற்றோருக்கும் உபாத்தியாயர்களுக்கும் என் விண்ணப்பம் சில உண்டு. கோப்பின் ஒவ்வொரு தாளும் அந்தந்த நாளின் தேதியோடு எழுதப்படட்டும். நாள் தவறினால், தவறியது என்றே எழுதட்டும். தவறான அளவை ரப்பரால் அழிக்காமல் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் திருத்தத்தையும் காரணத்தையும் எழுதப் பழக்குங்கள். பெரியவர்கள் படம் வரைந்து தருவதும், அச்சுக்கடையில் கொடுத்து அழகுபடுத்துவதும் வேண்டாம். கோணலாயினும் குழந்தையின் கோடே கோடு. மதிப்பிடும்போது, பக்கத்தின் சுத்தத்துக்கு முன்னால், முதல் யோசனைக்கும் கடைசிப் பொருளுக்கும் இடையில் எத்தனை தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தை எந்தச் சோதனை கடக்க வைத்தது என்று பாருங்கள். தூரமே இல்லையென்றால், பெரும்பாலும் அந்தக் கோப்பு பின்னாலிருந்து முன்னால் எழுதப்பட்டது.

நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரையுள்ள மாணவர்கள் ஏதாவது ஒரு சமயத்தில் பத்து நாள் புத்தகப் பையின்றிச் சென்று, தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் பழக வேண்டுமென்கிறது. அக்கொள்கையைப் பற்றி நாட்டில் பல அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றுள் நான் இங்கே புகவில்லை. தச்சரிடம் போகும் குழந்தை எந்த ஏற்பாட்டின் கீழ்ப் போனாலும், பை இல்லாமல் போகட்டும். ஒரு வெற்று நோட்டும் பென்சிலும் மட்டும் கையில் இருக்கட்டும். பட்டறையிலிருந்து அது கொண்டுவரும் சிறு பலகையைவிட, அந்த நோட்டில் அடித்துத் திருத்திய பத்துப் பக்கம் நெடுநாள் நிலைக்கும்.

அந்தக் கோப்பின் கடைசித் தாளை இன்னும் சொல்லவில்லை. ஆசனம் முடிந்து, நடையில் போட்டு, பாட்டி ஒரு வாரம் உபயோகித்த பின் எழுதிய மதிப்பீடு அது. உயரம் சரி, எடை சரி, ஈரம் ஏறவில்லை என்று வரிசையாகக் குறித்துவிட்டு, கடைசி வரியில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டிருந்தாள்: எழுந்திருக்கும்போது மனித உடம்பு முன்னால் சாய்கிறது, ஆகையால் கம்பம் இடுப்புக்கு நேராக இல்லாமல், நான்கு விரற்கடை முன்னால் தள்ளி இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலை என் தங்கை வெளியே கிளம்பும்போது கவனித்தேன். அவள் உட்கார்ந்து காலணியை மாட்டி, எழுவதற்காகக் கையை நீட்டினாள். விரல்கள் முதலில் கம்பத்துக்கு முன்னால் நான்கு விரற்கடை தூரத்து வெற்றிடத்தைத் தொட்டு, பிறகு பின்னால் வந்து கம்பத்தைப் பற்றின. இத்தனை நாள் அதே வீட்டில் இருந்தும் என் கண்ணில் படாத அந்தச் சிறு அசைவு, பேத்தியின் கோப்பில் முன்பே எழுதப்பட்டிருந்தது.